அழைக்கிறவர்கள் வரிசை

பூலாம்பாடி,
6 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

மணிமொழி எழுதுகிறேன். நீ விமானம் ஏறி இன்றோடு எட்டு நாள். நான்கு பேர் இருந்த வீட்டில் மூன்று பேர் சௌக்கியம். அம்மாவுக்கு இருமல் நின்றுவிட்டது. உனக்கு அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

இன்று ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியது எனக்குப் போதவில்லை. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நீ "நல்லா இருக்கேன்" என்கிறாய். அம்மா "சாப்பிட்டியா" என்கிறாள். எதிர்வீட்டு நல்லம்மா அத்தை வேறு வந்து நின்று "அங்க மணி என்ன" என்று கேட்கிறாள். அதற்குள் பத்து நிமிடம் முடிந்துவிடுகிறது. கடிதம் எழுதலாம் என்று நாம் முடிவு செய்தது எவ்வளவு நல்லது. நேற்று பூலாம்பாடி தபால் ஆபீசில், எவ்வளவு தபால்தலை ஒட்ட வேண்டும் என்று கேட்க, பிரான்சு என்று முகவரி எழுதிய வெறும் உறையை நீட்டினேன். அங்கிருந்த அம்மா அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போயிடுமா?" என்று என்னையே கேட்டார்.

அப்பாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் தீரவில்லை. "புதுச்சேரியில பிரெஞ்சு எம்.ஏ. படிக்கிறவ. அவளை எதுக்கு அங்க கூப்பிட்டு இங்கிலீஷ் சொல்லித் தரச் சொல்றாங்க?" நீ அங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசப் பழக்குவாய், அந்த ஊர்க்காரர்களோடு பழகி உன் பிரெஞ்சு முற்றும், படிப்பின் நடுவில் இப்படி ஒரு வருடம் போய்வருவார்கள் என்று மூன்று முறை விளக்கினேன். "அப்ப கூலிக்கு வேலையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

விமான நிலையத்தில் அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கிறதா? "இவ ஏழு மாசம் முழுசா இருந்து முடிச்சுட்டு வரட்டும். அப்புறம் சின்னவளைப் பத்திப் பேசுவோம். பாதியில திரும்பி வந்தான்னா சின்னவ பெரம்பலூர்ல நர்சிங்தான்." நான் அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் முப்பது வரை நீ அங்கே இருந்தால் போதும், பிளஸ் டூ முடித்ததும் நானும் பிரெஞ்சு படிப்பேன்.

எல்லாவற்றையும் எழுது. கதவுப் பிடி எப்படி இருக்கிறது என்பது வரைக்கும்.

உன் பழைய பிரெஞ்சு நோட்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்ட
மணி


வெர்நுவா, பிரான்சு,
21 அக்டோபர் 2024

அன்பு மணி,

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, குளிர்தான் இன்னும் யோசிக்கிறது. அம்மாவை வெந்நீர் குடிக்கச் சொல்.

கதவுப் பிடி உருண்டையாக, பித்தளையில் இருக்கிறது. பள்ளிக்குப் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். ஜன்னலைத் திறந்தால் ரொட்டிக்கடை. காலை ஆறு மணிக்கே வாசனை வந்து எழுப்பிவிடும். நீளமான ரொட்டியைப் பையில் போடாமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நானும் அப்படி ஒரு நாள் நடந்து பார்த்தேன், மணி. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை. பதினோரு வயதிலிருந்து பதினைந்து வயது வரை பிள்ளைகள். நான் படித்த வகுப்பில் ஐம்பத்து நான்கு பேர் என்றேன். ஒரு பையன் நம்பவில்லை. கரும்பலகையில் எண்ணாக எழுதச் சொன்னான். எழுதினேன். அப்புறமும் நம்பவில்லை.

பள்ளியில் மதியச் சாப்பாடு உண்டு. பரிமாறுகிற அம்மா "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டார். நம் வழக்கப்படி "போதும்" என்றேன். கரண்டி அடுத்த தட்டுக்குப் போய்விட்டது. இன்னொரு தரம் வற்புறுத்துவார்கள் என்று நான் தட்டைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

வங்கியில் ஒரு வேடிக்கை. "மதாம் இராமலிங்கம்" என்று கூப்பிட்டார்கள். அப்பா எங்கே வந்தார் என்று திரும்பிப் பார்த்தேன். என்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நன்றாகப் படி. நோட்டின் ஓரங்களில் நான் கிறுக்கியதைப் படிக்காதே.

அன்புடன்
அக்கா


பூலாம்பாடி,
6 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு மூன்று நாள் மழை. அப்பா வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையின் மேல் இரண்டாவது தார்ப்பாயும் போட்டுவிட்டார். முறுக்கு பதம் தப்பிவிட்டது, அதற்கும் மழைதான் காரணம் என்கிறாள் அம்மா. நீ அங்கே என்ன சாப்பிட்டாய்?

உன் கடிதத்தை ஏழு முறை படித்தேன். ரொட்டிக் கதையை வகுப்பில் சொன்னேன். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருகிறாளே ஷமீமா, அவள் உடனே தன் டிபன் பாக்சைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நடந்து காட்டினாள். பாதி வழியில் கணக்கு சார் எதிரே வந்துவிட்டார்.

நோட்டில் பன்னிரண்டு பாடம் முடித்துவிட்டேன். ஓரத்தில் கிறுக்கியதையும் படித்தேன். தினமும் காலையில் அப்பாவின் லோடு வண்டிக்குப் பிரெஞ்சில் வணக்கம் சொல்கிறேன். "வண்டிகிட்ட என்னடி பேச்சு" என்கிறார் அப்பா. பதில் சொல்லாத ஒருவரிடம்தான் தைரியமாகத் தப்பாகப் பேச முடிகிறது.

பெரம்பலூரில் நர்சிங் விண்ணப்பம் எப்போது தருவார்கள் என்று அப்பா யாரிடமோ போனில் கேட்டார். கேட்டுக்கொண்டு இருக்கட்டும். எனக்குப் பயமில்லை. நீ இருக்கிறாயே.

ஆசிரியர்கள் அறையில் உன் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்? என்ன பேசுவார்கள்? அவர்களும் பிள்ளைகளின் விடைத்தாளைப் பார்த்துச் சிரிப்பார்களா?

பதிலுக்காக வாசலில் நிற்கும்
மணி


வெர்நுவா,
24 நவம்பர் 2024

அன்பு மணி,

நலம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடுகிறது. மூடுபனி வந்தால் எதிரே இருக்கும் ரொட்டிக்கடை தெரியாது, விளக்கு மட்டும் தெரியும். கம்பளிக் காலுறை வாங்கினேன். ஊருக்கு நடுவில் ஒரு பழைய பாலம் இருக்கிறது. அதில் ஏழு வளைவுகள். மாலையில் அதுவரை நடந்துவிட்டு வருவேன்.

ஆசிரியர்கள் அறையில் நீண்ட மேசை. எல்லோரும் பெரியவர்கள். நான் ஜன்னல் ஓர நாற்காலியில் உட்காருவேன். யாராவது வந்தால் எழுந்துகொள்வேன். அவர்கள் சிரித்துவிட்டுக் காப்பி இயந்திரத்துக்குப் போய்விடுவார்கள். கதவருகே ஒரு பலகை உண்டு. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதற்குப் பெயர்ப்பட்டியல் ஒட்டுவார்கள். அவரவர் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டுவிட்டுப் பேசிக்கொண்டே போவார்கள். என்னை யாரும் வரச் சொல்லவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் போய்ப் பார்த்தேன். எழுத்து வரிசையில் இருந்தது. ஆங்கில 'வி' எழுத்துக்கு உரிய இடத்தில், கடைசியில், வெற்றி என்ற என் பெயர் இல்லை. நான் ஏழு மாதத்துக்கு வந்தவள்தானே.

கிறிஸ்துமசுக்குப் பள்ளியை இரண்டு வாரம் மூடுகிறார்கள். அப்போதே ஊருக்கு வந்து பொங்கலுக்கும் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. சும்மா தோன்றியது. அப்பாவிடம் சொல்லாதே.

அக்கா


பூலாம்பாடி,
8 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். நாளை அரையாண்டுத் தேர்வின் முதல் நாள், தமிழ். ஆனாலும் இதை எழுதாமல் படிப்பு ஏறாது.

வராதே அக்கா. பொங்கலுக்கு வந்தால் நீ திரும்பிப் போவாயா? அம்மா உன்னை விடுவாளா? ஐந்து மாதம்தான். பாலத்தில் ஏழு வளைவுகள் என்று எழுதியிருக்கிறாயே, நான் அதையெல்லாம் பார்க்க வேண்டாமா? அப்பா சொன்னது கடைசிப் பக்கத்தில் அப்படியே இருக்கிறது. நீ பாதியில் வந்தால் எனக்கு நர்சிங்.

இங்கே வீட்டில் ஒரு சண்டை. அரியலூர் பெரியப்பா மகள் பூங்குழலி அக்காவுக்குத் தை பதினெட்டில் கல்யாணம். பெரியப்பா மகன் பிரேம்குமார் அண்ணன் பத்திரிகையை அப்பாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். அவ்வளவுதான். அப்பா போனைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கூடப் பொறந்தவன் நான். படியேறி வந்து, தட்டு வச்சு, வாடா தம்பின்னு ஒரு வார்த்தை சொல்லல. போட்டோ அனுப்புறாங்களாம் போட்டோ."

"சின்னப் பய அனுப்பிட்டான். உங்க அண்ணன் வருவாரு, இருங்க" என்றாள் அம்மா.

"வரட்டும். வந்தா பாக்கலாம்."

இன்றோடு ஆறு நாள். பெரியப்பா வரவில்லை. கல்யாணத்துக்கு யாரும் போகக் கூடாது என்று உத்தரவு. அம்மா ஏற்கெனவே புடவைக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்துவிட்டாள். அதை வாங்கி வரவா வேண்டாமா என்று என்னைக் கேட்கிறாள்.

அப்பா நியாயம்தான் பேசுகிறார் என்று எனக்கும் தோன்றுகிறது. கூப்பிடாமல் எப்படிப் போவது?

நீ அங்கேயே இரு.

மணி


பூலாம்பாடி,
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

பதில் வருவதற்குள் இன்னொரு கடிதம். நாங்கள் நலம். நீ நலமா? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

போன கடிதத்தைத் தபாலில் போட்ட பிறகு உன் இரண்டு கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ரொட்டிக்கடை இருக்கிறது. பாலம் இருக்கிறது. காலுறை இருக்கிறது. ஒரு மனிதரின் பெயர்கூட இல்லை. "ஒரு பையன்", "பரிமாறுகிற அம்மா", "எல்லோரும்". நம் ஊரில் நீ ஒரு பஸ் ஏறி இறங்கினால் கண்டக்டரின் மாமியார் பெயர் வரைக்கும் சொல்வாயே அக்கா.

ஷமீமாவிடம் சொன்னேன். அவளுடைய வாப்பா பன்னிரண்டு வருடமாகக் குவைத்தில் இருக்கிறார். "எங்க வாப்பா போன்ல சாப்பாட்டைப் பத்தி ரொம்ப நல்லா சொன்னா, அன்னைக்கு அவர் சாப்பிடலன்னு உம்மா கண்டுபிடிச்சுருவாங்க" என்றாள்.

உனக்கு அங்கே பேச ஆள் இல்லை. சரிதானா? நான் அதைப் பார்க்காமல் என் நர்சிங்கைப் பார்த்தேன். "வராதே" என்று எழுதினேன். அதைக் கிழித்துப் போடு. உனக்கு வரவேண்டும் என்று இருந்தால் வந்துவிடு. எனக்காக ஒரு நாள்கூட அங்கே உட்கார்ந்திருக்காதே. நர்சிங்கிலும் புத்தகம் உண்டுதானே, நான் படித்துக்கொள்வேன்.

இதை எழுதக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை
மணிமொழி


வெர்நுவா,
22 டிசம்பர் 2024

அன்பு மணி,

எட்டாம் தேதி எழுதியது கிடைத்தது. நான் நலம். வரமாட்டேன். பயப்படாமல் பரீட்சை எழுது. பள்ளியை மூடிவிட்டார்கள். ஊர் அமைதியாக இருக்கிறது. அம்மாவை ரவிக்கையை வாங்கி வரச் சொல்.

அக்கா


பூலாம்பாடி,
27 டிசம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலமோ நலம். இந்தக் கடிதம் கிடைத்ததும், சட்டையைக்கூட மாற்றாமல், ஆசிரியர்கள் அறைப் பலகைக்குப் போ. ஏன் என்று சொல்கிறேன்.

அரையாண்டு விடுமுறை. நேற்று அப்பா குளிக்கப் போனபோது அவர் போனை எடுத்து, எல்லோரையும் சண்டையில் விட்ட அந்தப் பத்திரிகையை முழுவதும் படித்தேன். அப்பா அதைப் படிக்கவே இல்லை அக்கா. கண்ணாடி போடாமல், படம் என்று பார்த்துவிட்டுக் கோபப்பட்டிருக்கிறார். விரலால் பெரிதாக்கிக் கீழே கீழே போனேன். மாப்பிள்ளை பெயர், மண்டபத்தின் பெயர், முகூர்த்த நேரம். கடைசியில் "தங்கள் வரவை எதிர்நோக்கும்" என்று போட்டு ஒரு வரிசை. முதலில் பெரியப்பா பெரியம்மா. அடுத்து: இராமலிங்கம் – இருசம்மாள், பூலாம்பாடி.

அப்பா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். படித்துக் காட்டினேன்.

"திரும்பப் படி" என்றார். படித்தேன்.

"எத்தனாவது பேரு?"

"பெரியப்பா பேருக்கு அடுத்தது. நீங்க அழைக்கிறவங்க வரிசையில இருக்கீங்கப்பா. அழைக்கிறவங்களை யாரு வந்து அழைப்பாங்க?"

அப்பா துண்டைப் பிழிந்தார். அதில் தண்ணீரே இல்லை. அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "கண்ணுதான் தெரியல, கோவம் மட்டும் நல்லா தெரியுது" என்றாள். அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு அரியலூர் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். காலைச் சாப்பாடுகூட இல்லை.

அவர் போன பிறகுதான் எனக்குத் தோன்றியது. உன்னையும் அந்தப் பள்ளியில் யாரும் தனியாக வந்து கூப்பிடவில்லை. பலகையில் பெயரைப் போட்டிருப்பார்கள், அதுவே போதும் என்று நினைத்திருப்பார்கள். நீ 'வி'யில் பார்த்தாய். வங்கியில் உன்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? ஆங்கில 'ஆர்' எழுத்து வரிசையில் பார் அக்கா. இராமலிங்கம் இருக்கிறாரா என்று பார்.

இருக்கிறார் என்றால் உடனே எழுது. இல்லை என்றாலும் எழுது.

மணி


வெர்நுவா,
11 ஜனவரி 2025

என் அன்பு மணி,

இருக்கிறார். இருபத்தாறாவது பெயர். "இராமலிங்கம் வெ." அக்டோபரில் ஒட்டிய பட்டியலிலிருந்தே இருந்திருக்கிறார். பழைய தாள்களை அடியில் சேர்த்துக் குத்தி வைத்திருந்தார்கள். நான்கு மாதமும் அப்பா பெயருக்கு நேரே கட்டம் வெறுமையாக இருந்தது. நான் அவர்களோடு சாப்பிட விரும்பவில்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. பதினைந்தாம் தேதியில் எழுதிய கடிதம் அதற்கும் முன்பே வந்துவிட்டது. நீ கண்டுபிடித்தது சரி. பயணச்சீட்டை விசாரிக்கக்கூடச் செய்தேன். அது இருக்கட்டும், வெள்ளிக்கிழமைக் கதையைக் கேள்.

ஜனவரி முதல் வாரங்களில் இங்கே ஒரு வட்டமான பலகாரம் செய்வார்கள். மைதா மாவில் வெண்ணெய் போட்டு, நடுவில் பாதாம் விழுது. அதற்குள் ஒரு சின்னப் பீங்கான் பொம்மையை மறைத்து வைத்திருப்பார்கள். எந்தத் துண்டில் பொம்மை வருகிறதோ அவருக்குத் தாள் கிரீடம். பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காக, கூட்டத்தில் இளையவர் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். மேலே ஒருவர் துண்டைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். கீழே இருப்பவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமைக்கான பட்டியலில் நான் குறி போட்டதும், பக்கத்தில் நின்ற நூலகர் சொலாஞ்ச் கை தட்டினார். "நம்மிடம் இளையவள் கிடைத்துவிட்டாள். மூன்று வருடமாகக் கொராந்தென்தான் முட்டி வலிக்க மேசைக்கு அடியில் போகிறான்" என்றார்.

எனக்கு யார் பெயரும் தெரியாது, மணி. நான்கு மாதமாக "மதாம்", "முசியே" என்றே ஓட்டியிருக்கிறேன். பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட நம் வாய்க்கு வருமா? பட்டியலை நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்று நாளில் ஒவ்வொருவரிடமும் நானே போய், கை கொடுத்து, "நான் வெற்றி, நீங்கள்?" என்று கேட்டேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பரிமாறுகிற அம்மாவின் பெயர் மொனிக். அவரிடம் எங்கள் ஊரில் "போதும்" என்றால் இன்னும் கொஞ்சம் போடு என்று பொருள் என்றேன். அன்றைக்கு என் தட்டில் மலை மாதிரி குவித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் மேசைக்கு அடியில் போனேன். சுற்றிலும் காலணிகள். மேலே ஆங்கில ஆசிரியை அன்யெஸ் கேட்கக் கேட்க, கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். சொலாஞ்ச். திதியே. மொனிக். கொராந்தென். ழான்-லுக். ஒவ்வொரு பெயருக்கும் மேலே ஒரு சத்தம். கும்பலில் யாரோ தரையை மிதித்துத் தாளம் போட்டார்கள். நம் வீட்டில் யாராவது பார்த்திருந்தால் என் காதைத் திருகியிருப்பார்கள்.

எல்லாப் பெயரும் முடிந்தது. "ஒரு துண்டு மிச்சம், இது யாருக்கு?" என்றார் அன்யெஸ். நான் விரல் விட்டு எண்ணினேன். யாரையோ விட்டுவிட்டேன் என்று பயந்து போனேன். அப்புறம் எல்லோரும் சேர்ந்து என் பெயரைச் சொன்னார்கள். 'வெ' வராமல் 'வே' என்றுதான் சொன்னார்கள். எனக்கு வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

பொம்மை இயற்பியல் ஆசிரியர் ழான்-லுக்குக்குப் போனது. பல் தப்பியது. மாலை வரை கிரீடத்தோடு பாடம் நடத்தினார்.

ஏப்ரல் முப்பது வரை இங்கே இருக்கிறேன். உனக்காக இல்லை, எனக்காக. இனி நான் ஒன்று கேட்கிறேன். உன் கடிதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். "அப்பா சொன்னது", "அப்பா போனில் விசாரித்தார்" என்று இருக்கிறது. "அப்பாவிடம் கேட்டேன்" என்று எங்கேயும் இல்லை. பிரெஞ்சு படிக்க விரும்புகிறேன் என்று நீ அவரிடம் வாய்திறந்து சொல்லியிருக்கிறாயா?

வெற்றி அக்கா


பூலாம்பாடி,
3 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். உன் கடிதத்தை அம்மாவுக்கும் ஷமீமாவுக்கும் படித்துக் காட்டினேன். நீ மேசைக்கு அடியில் இருந்ததைப் படித்தபோது அம்மா தானும் குனிந்து உட்கார்ந்துகொண்டாள்.

கல்யாணம் முடிந்தது. அன்று அரியலூர் போன அப்பாவைப் பார்த்ததும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "இப்பதான் வர்றியா? பத்திரிகையில உன் பேரைப் போட்டுட்டு, உனக்கே தட்டு எடுத்துக்கிட்டு வந்தா ஊரு சிரிக்காது? என்ன வேலை இருக்குன்னு நீ எப்ப வந்து கேப்பியோன்னு ஒரு மாசமா வாசலைப் பாத்துக்கிட்டு கெடக்கேன்." அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு நம் லோடு வண்டியில் இரண்டு பேரும் ஜயங்கொண்டம் பக்கமெல்லாம் போய்த் தட்டு வைத்து அழைத்தார்கள்.

பந்தியில் அப்பாதான் மேற்பார்வை. கை கழுவப் போனவரைக்கூட இழுத்து உட்கார வைத்தார். "போதும்" என்ற ஒருவருக்கு அவர் மூன்றாவது தடவை சாம்பார் ஊற்றியபோது எனக்கு மொனிக் நினைவு வந்து சிரித்துவிட்டேன். அம்மா அந்த ரவிக்கையைத்தான் போட்டிருந்தாள். பூங்குழலி அக்கா உன்னைக் கேட்டாள்.

மார்ச்சில் பொதுத்தேர்வு. படிக்க மலையாக இருக்கிறது. அதனால் இத்துடன் நிறுத்துகிறேன்.

மணி


வெர்நுவா,
23 பிப்ரவரி 2025

அன்பு மணி,

நலம். உன் கடிதத்தில் சாம்பார் மூன்று தடவை வந்தது. என் கேள்விக்குப் பதில் ஒரு தடவைகூட வரவில்லை. 

தேர்வு முடியும்வரை எழுத வேண்டாம். முடிந்ததும் எழுது. சொலாஞ்ச் உனக்காக ஒரு சின்ன அகராதி எடுத்து வைத்திருக்கிறார். என் கையில் கொடுத்துவிடுவார். அதற்கு நீ பிரெஞ்சு படித்தால்தான் வேலை.

உன்னைப் போலவே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த
அக்கா


பூலாம்பாடி,
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நாங்கள் மூவரும் நலம். பத்து வாரம் நான் எழுதாததற்குத் தேர்வு பாதிதான் காரணம். மீதிப் பாதி உனக்குத் தெரியும். அப்பா ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "என்ன படிக்கணும் உனக்கு?" என்று கேட்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அவர் கேட்கவே இல்லை.

நேற்று அப்பா வெங்காய மூட்டைகளை ஏற்றிக்கொண்டு திருச்சி மண்டிக்குக் கிளம்பினார். நான் முன்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன்.

"எங்க ஏறுற?"

"உங்க கூடத்தான்."

"நான் கூப்பிடலியே."

"கூப்பிடணுமா?"

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். பெரம்பலூர் வரை தேர்வைப் பற்றிப் பேசினோம். பாடாலூர் தாண்டியதும் சொல்லிவிட்டேன். "எனக்கு நர்சிங் வேண்டாம்ப்பா. அக்கா படிச்ச காலேஜ்ல பிரெஞ்சு படிக்கணும். அக்கா மாதிரி நானும் போய் வேலை பார்த்துட்டு வரணும்."

சிறுகனூர் வரைக்கும் அப்பா ரோட்டையே பார்த்து ஓட்டினார். மூட்டைகளின் மேல் தார்ப்பாய் படபடத்தது. நான் கிலோமீட்டர் கற்களைப் படித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு அவரே சொன்னார். "நர்சிங் சேர்த்தா சாயங்காலம் ஆறு மணி பஸ்ல வூட்டுக்கு வந்துடுவன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல. ஒருத்தி போனதுக்கே வூடு எப்படிக் கெடக்குன்னு பாத்தேல்ல."

அக்கா, நர்சிங் எதற்கு என்று நான் நூறு காரணம் யோசித்து வைத்திருந்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தயாராக இருந்தது. இது அந்த நூறில் இல்லை. "ஞாயித்துக்கிழமை அங்கேருந்து போன் பண்ணி, ஸ்பீக்கர் இல்லாம பேசுவேன்ப்பா, தனித்தனியா ஒவ்வொருத்தர்கிட்டயும்" என்றேன்.

"அவ முழுசா இருந்து முடிச்சாளா?"

"முப்பதாம் தேதி முடியுது."

"ம்" என்றார். சமயபுரத்தில் டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். இறங்கவில்லை. "காலேஜ் பாரம் எப்பத் தருவாங்க?"

நான் பையிலிருந்து எடுத்தேன். வியாழக்கிழமையே பெரம்பலூரில் பிரிண்ட் எடுத்துப் பாடப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். மேலே என் பெயரை நானே எழுதியிருந்தேன்.

"பையிலயே வச்சிருக்கியா? கேக்காம இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"உங்க கண்ணாடியும் பையில இருக்குப்பா. இந்தாங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கின் மேல் தாளை வைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்தார். பத்திரிகை விவகாரத்துக்குப் பிறகு எதையும் அவர் படிக்காமல் விடுவதில்லை. தந்தை பெயர் என்ற இடத்தில் இராமலிங்கம் என்று நிறுத்தி நிதானமாக எழுதினார். பக்கத்தில் இடமில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் ஒரு கோடு இழுத்து, 'இருசம்மாள், பூலாம்பாடி' என்றும் எழுதினார். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

மே இரண்டாம் தேதி காலையில் விமான நிலையத்தில் நாங்கள் நிற்போம். நம் லோடு வண்டி, அம்மா, முறுக்கு, ஒருவேளை பெரியப்பாவும். நீ யாரையும் அழைக்க வேண்டாம்.

சொலாஞ்சுக்கு என் வணக்கம். அகராதியை மறந்துவிடாதே.

உன்
மணிமொழி